பூஜ்யத்துக்குக் கீழே

முனைவர் பட்டத்துக்கான வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போதுதான் அது வெண்ணிலாவின் கண்ணில் பட்டது. ஆய்வேட்டின் மூன்றாவது துணைத்தேற்றம் தப்பு.

ஃபூரியர் தொடரின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் பழைய சார்பு திரும்பக் கிடைக்குமா என்பதுதான் அவள் இத்தனை வருடம் கட்டிக்கொண்டு அழுத கேள்வி. அப்படிக் கூட்டும்போது வரும் டிரிஷ்லே கெர்னல் என்ற வளைகோடு பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஆடும். மேலே உள்ள பரப்பில் கீழே உள்ளதைக் கழித்தால் ஒன்று. கழிக்காமல் எல்லாவற்றையும் கூட்டினாலோ, உறுப்புகள் கூடக்கூட அது எல்லையில்லாமல் ஏறும். எம்.எஸ்ஸி பிள்ளைகளுக்கு அவளே நடத்துகிற பாடம்! கழிக்காத அந்தக் கூட்டலுக்கும் ஒன்று என்றே எழுதி வைத்திருக்கிறாள், மகராசி. வழிகாட்டியும் கவனிக்கவில்லை, ஆய்வேட்டைப் படித்து அறிக்கை தந்தவர்களும் கவனிக்கவில்லை.

கணவன் குணசீலன் பள்ளிபாளையத்திலிருந்து வேன் வைத்துச் சொந்தபந்தத்தையெல்லாம் சேலத்துக்குக் கூட்டி வந்திருந்தான். பந்திக்கும் சொல்லியாயிற்று. பட்டம் கிடைத்தது போலவே எல்லோரும் பட்டுச்சேலையில் இருந்தார்கள்.

"ஏம்புள்ள, மொகம் இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"ஒரு தப்பு இருக்குதுங்க. இன்னும் ஆரும் பாக்கல."

"அப்பக் கம்முனு இரு. பட்டத்த வாங்கிப்போட்டுப் பொறவு திருத்திக்கலாம்."

"அத நம்பி இன்னொருத்தரு அதுமேல தன் ஆராய்ச்சியக் கட்டுனா என்னாவறதுங்க?"

குணசீலன் வேன் பக்கம் பார்த்தான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை.

வழி ஒன்று இருந்தது. பகுதிக் கூட்டல்களின் சராசரியை எடுத்தால் வருவது ஃபெயர் கெர்னல். அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை, அங்கே அவள் வாதம் நிற்கும். ஆனால் கிடைப்பது சராசரி பழைய சார்பை நெருங்கும் என்பது மட்டும்தான், தொடரே நெருங்கும் என்பது இல்லை. அட்டையிலேயே பெரிதாக அச்சடித்த முடிவு போய்விடும். திருப்பி அனுப்பினால் இன்னும் எத்தனை காலமோ!

மேடையேறினாள். வெளியூர்த் தேர்வாளர் தலையசைத்தார். கரும்பலகையில் அந்த வளைகோட்டை வரைந்து, பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிய பள்ளங்களைச் சாக்பீஸால் நிரப்பினாள். பிறகு, தன் மூன்றாவது துணைத்தேற்றம் தவறு என்று ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மகள் மைக்கில் இங்கிலீசு பேசிவிட்டாள் என்று முதல் வரிசையிலிருந்த அம்மா ஆத்தாயி பூரித்துப்போய்க் கைதட்டினாள். அவளைப் பார்த்துச் சொந்தபந்தம் மொத்தமும் தட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தத் துணைத்தேற்றத்தைத் தேடி ஆய்வேட்டைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டிருந்தார்.