கிளைம் பண்ணாத வேன்

கொடகவெல டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வெள்ளை வேன் செல்லையாவுடையது. வாங்கிய நாள் முதல் அதற்காக அவர் இன்சூரன்ஸ் கம்பனியிடம் ஒரு தடவைகூடக் கை நீட்டியதில்லை. கிளைம் இல்லாத ஒவ்வொரு வருடமும் கட்டணத்தில் போனஸ் கழிவு ஏறி, இனி ஏற இடமில்லாத உச்சத்தில் நின்றது. ஏஜண்ட் ஸப்ரி தன் கடையில் நாலு பேர் காதில் விழும்படி, "முழுப் போனசும் எடுக்கிற ஒரே ஆள் நம்ம செல்லையா அண்ணன்தான்" என்பான். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே செல்லையா புதுப்பிக்கும் நாளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். அவருடைய தகப்பனும் தோட்டத்து லொறியைக் கெட்ட பேரில்லாமல் ஓட்டியவர். ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்த குடும்பம் தன்னுடையதுதான் என்பது அவருடைய எண்ணம்.

அந்த வேனை மகன் சுதாகரன் ஒரு நாள் கோயில் வளைவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு திருப்பினான். ரப்பர் பால் வாளியோடு ஓரமாக வந்த மல்லிகாவின் கால் முன்சக்கரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் நசுங்கியது. கொட்டிய பால் சிவப்பாக ஓடியது.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த சுதாகரன் வீட்டு வாசலிலேயே நின்றான்.

"அப்பா, ஸப்ரி நானாவுக்கு சொல்லிருவோம். பொலிஸ்ல என்ட்ரி போட்டா கம்பனி அந்தப் புள்ளைக்குக் குடுக்கும்."

"செல்லையா மகன் பொம்பளைய இடிச்சான்னு பொலிஸ்ல எழுதி வைக்கவா? போனஸ் போயிரும். இன்னொண்ணு நடந்தா கம்பனிக்காரன் கூட்டிக் கட்டச் சொல்லுவான். நான் டவுன்ல தல நிமிந்து நடக்க வேணாமா?"

"அவ நடக்க வேணாமாப்பா?"

"வாய மூடு. இடிச்சவன் நீ."

மாலையில் தோட்டத்துத் தலைவரை வைத்து அம்மன் கோயிலில் பேசினார்கள். மல்லிகாவின் புருஷன் கிருஷ்ணராஜ் அழுத முகத்தோடு நின்றான். வைத்தியச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் செல்லையா சொன்னார். அவன் தலையாட்டினான். அது அவருக்குப் போதவில்லை. கற்பூரம் கொளுத்தச் சொன்னார். சத்தியத்தின் சொற்களையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பொலிஸ், கம்பனி என்று எங்கேயும் இதைச் சொல்லமாட்டோம். சொன்னால் பிள்ளை குட்டி விளங்காது. கிருஷ்ணராஜ் அப்படியே திருப்பிச் சொல்லி, எரிந்த கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான்.

பிறகு வேனை மஞ்சள் தண்ணீரில் கழுவினார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தினார்கள். வேன் பழையபடி ஆயிற்று.

மல்லிகாவின் கால் ஆகவில்லை. புண் அழுகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒற்றைக் காலோடு ரப்பர் மலையில் ஏறிப் பால் வெட்ட முடியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் அவள் பேரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். செல்லையா சொன்ன சொல் தவறாமல் செலவழித்தார். அது மருந்துக்குக் காணுமே தவிர, ஒரு பெண்ணின் மிச்ச ஆயுளுக்குக் காணுமா?

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஸப்ரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"என்னண்ணே செஞ்சு வச்சிருக்கீங்க? ஒரு கிளைம் எடுத்தா போனஸ் கொறயும். ஒழுங்கா ஓடினா திரும்ப ஏறும். அந்தப் புள்ளட காலு திரும்ப வருமா?"

"இப்ப வழியில்லையா ஸப்ரி?"

"பொலிஸ்ல போய் உள்ளதச் சொல்லுங்க. பிந்தினதுக்கு ஏசுவாங்க, மகன் மேல கேஸும் வரும். ஆனா அந்தப் புள்ள வாயால சொல்லணும். தகட்டையும் தட்டி, கழுவியும் வச்சிட்டு நீங்க மட்டும் சொன்னா கம்பனி நம்பாது."

செல்லையா அங்கிருந்து நேரே தோட்டத்து லயத்தில் மல்லிகாவின் வீட்டுக்குப் போனார். யாருக்கும் குனியாதவர் அந்தத் தாழ்ந்த வாசல் நிலைக்குக் குனிந்து உள்ளே நுழைந்தார். மல்லிகா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"எம் பேரு போனா போகட்டும், தாயி. நீ வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்."

கிருஷ்ணராஜ் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "கற்பூரம் அடிச்சாச்சுங்க, மாமா. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"நானே சொல்றேன், அது போகட்டும்னு."

"உங்களுக்கா நான் சத்தியம் பண்ணினேன்? அம்மனுக்குல்ல பண்ணினேன்."

மல்லிகா மடியில் கிடந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள். "எங் காலு ஒண்ணு போனதோட போகட்டும், மாமா. புள்ளைகளயாச்சும் விட்டு வைங்க."

செல்லையா மறுபடியும் குனிந்து வெளியே வந்தார்.

அடுத்த மாதம் வேனுக்குப் புதுப்பிக்கும் நாள் வந்தது. ஸப்ரி இந்த முறை குரலை உயர்த்தவில்லை. கடையில் இருந்த தோட்டத்து ஆள் ஒருவர்தான் சிரிக்காமல் கேட்டார்: "இந்த வருசமும் முழுப் போனஸ்தானே, செல்லையா?"

ஸப்ரி பேனாவை நீட்டினான். செல்லையா தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.