மூக்கு அதிருதா?

இது ஒரு சத்துணவு அமைப்பாளர் எனக்குச் சொன்னது. நான் நேரில் பார்க்கவில்லை.

ஓடைக்கரைப்பட்டிப் பள்ளியில் ஒலிகள் நேரில் வந்து உட்கார்ந்தால்தான் பாடம். அந்த வருடம் ஒன்றாம் வகுப்புக்கு 'ம்' வந்திருந்தது. சாம்பல் நிற ஸ்வெட்டர், எப்போதும் மூடிய வாய், கடைசி பெஞ்சு. வருடக் கடைசியில் அதிகாரி வருவார். பிள்ளைகள் ம்-ஐ அடையாளம் காட்டிவிட்டால் டீச்சருக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

டீச்சர் சுகந்தினி அவள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. செங்கல் சூளையில் வெந்து அவளைப் படிக்க வைத்த அப்பா, "எம் மக கவர்மெண்டு டீச்சரு" என்று ஊரெல்லாம் முந்திக்கொண்டு சொல்லியிருந்தார். அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

உற்றுப் பார்த்தால் ம்-க்குக் கூச்சம்; சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். அதனால் சுகந்தினி தானே வாயை மூடி ஒலியை எழுப்பி, பிள்ளைகளின் விரலைத் தன் மூக்கில் வைப்பாள்.

"அதிருதா?"

"உள்ள வண்டு இருக்கு டீச்சர்!" என்பான் கபிலேஷ்.

"டீச்சர், அவன் விரல்ல சளி!" என்பாள் ரித்திகா.

அதிகாரி வந்த அன்று காலையில் நல்ல மழை. ம் நனைந்து, மூக்கடைப்போடு வந்தது. வழக்கப்படி ம், பள்ளி ஆயா, சுகந்தினி மூவரையும் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு மூக்காகத் தொட்டுப் பார்த்தார்கள். ம்-உடைய மூக்கு சும்மா இருந்தது. ஆயா தும்மினாள். சுகந்தினிக்குப் பயத்தில் தொண்டைக்குள் ஒரு முனகல் ஓடிக்கொண்டிருந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை.

"இதான் சார் ம்!" என்றான் கபிலேஷ், சுகந்தினியின் மூக்கிலிருந்து விரலை எடுக்காமல். மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பிள்ளைகள் சொன்னால் சொன்னதுதான். அதிகாரி அங்கேயே ஆணை எழுதினார். சுகந்தினிக்கு வேலை நிரந்தரம், ம்-ஆக.

"அப்பா தேடுவாரே சார்."

"அங்க போக ஆள் இருக்கும்மா."

ம் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டது. அவளுடைய டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஏறியது. சுகந்தினி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். அதற்குள் ம்-க்கு மூக்கடைப்பு விட்டிருந்தது.

"வந்துட்டியா தாயி?"

"ம்."

"வேல நெரந்தரம் ஆயிருச்சா?"

"ம்."

அவருக்குக் கண் கலங்கியது. களைத்து வரும் மகள் தினமும் இவ்வளவுதான் பேசுவாள். தட்டை வைத்துச் சோறு போட்டார்.

பிறகு நான் கல்வி அலுவலகத்தில் விசாரித்துப் பார்த்தேன். ஒலிகளுக்கு ஓய்வு பெறும் வயது கிடையாது.