ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார்

என் வீட்டுக்காரருக்கு ஒரு பிழை கண்ணில் பட்டுவிட்டால் போதும், சோறு தண்ணீர் இறங்காது. அடுத்த வீட்டுச் சுவரில் படம் கோணலாக மாட்டியிருந்தால்கூட இவருக்குக் கழுத்து வலிக்கும். அப்படிப்பட்டவர் தான் எழுதிய 'பிளகின்' என்கிற குட்டி நிரலிலேயே பிழையைக் கண்டுபிடித்தால் என் கதி என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிளகின் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வலைப்பூ வைத்திருப்பவர்கள் அதைச் சேர்த்துக்கொண்டால், இப்போது எத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பக்கத்தின் மூலையில் ஒரு வரி காட்டும். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். நிரல் எழுதுவது அவர், வருகிற கடிதங்களுக்குப் பதில் போடுவது நான். சாப்பாட்டு மேசையின் இந்த முனையும் அந்த முனையும்தான் எங்கள் கம்பெனி.

ஒருநாள் சோதனைக்காக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். அதன் முகவரி யாருக்கும் தெரியாது. உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. மூலையில் மட்டும் 'ஒருவர் படித்துக்கொண்டிருக்கிறார்' என்று வந்தது. மனிதர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீ படிக்கிறியா?"

"என்னத்தைப் படிக்க? அதுலதான் ஒண்ணுமே இல்லையே."

கொஞ்ச நேரம் நிரலைக் கிளறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. தன் பக்கத்தைத் தானே திறந்து பார்க்கிறவரையும் பிளகின் ஒரு வாசகராக எண்ணிக்கொண்டிருந்தது. வலைப்பூக்காரர் எப்போது எட்டிப் பார்த்தாலும் உள்ளே ஒருவர் இருப்பார். அது அவரேதான். "இத்தனை வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்கேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாளே, எழுதுபவரைக் கணக்கிலிருந்து கழித்து அப்டேட் விட்டார். கூடவே ஒரு குறிப்பும் போட்டார்: 'சிறு பிழை நீக்கப்பட்டது.'

சிறு பிழையாம். அன்று மதியத்துக்குள் என் முனையில் கடிதங்கள் வந்து கொட்டின. யாருமே பிளகின் கெட்டுவிட்டது என்று எழுதவில்லை. என் வாசகரை என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். பல் வைத்தியர் ஒருவர், தன் வாசகர் எதிர்த் தெருப் பல் வைத்தியரின் பக்கத்துக்குத் தாவிவிட்டாரா, ஆம் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். கவிஞர் ஒருவர் தன் பக்கத்துக்குக் கறுப்புக் கரை கட்டி அஞ்சலிக் கூட்டமே அறிவித்துவிட்டார். பின்னல் வேலை சொல்லிக்கொடுக்கும் அம்மாள் எழுதியிருந்ததுதான் என்னை உலுக்கியது. ஸ்வெட்டரின் இடது கைவரை சொல்லிக்கொடுத்துவிட்டாராம், வலது கை பாக்கியாம். 'பாவம், ஒற்றைக் கையோடு இந்தக் குளிரில் எங்கே அலைகிறாரோ. பார்த்தால் வரச் சொல்லுங்கள்.'

"ஏங்க, பழையபடியே விட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

"பொய்க் கணக்கு காட்டச் சொல்றியா? இல்லாத ஆளை நான் எங்கேருந்து கொண்டுவர்றது?"

"அவங்க யாரும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லலை. மூலையில ஒரு வரி, அவ்வளவுதான் கேக்கிறாங்க."

"முடியாது."

அரிச்சந்திரனுக்கு வாக்கப்பட்டவள் படும் பாட்டை நினைத்துக்கொண்டு, வலது கை அம்மாளுக்கு 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று பதில் போட்டேன்.

சாயங்காலம் என் நாத்தனார் வந்து நின்றார். இவருடைய அக்கா, ஒண்டிக்கட்டை. பேருந்து நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகிற பொருட்களை எடுத்து வைக்கும் கவுண்டரில் வேலை. அங்கே வந்து சேருகிற குடைகளைப் பற்றி மட்டும் வலைப்பூ எழுதுவார். ஒரு குடைக்கு ஒரு பதிவு. அந்தக் குடை எந்தப் பேருந்தில் கிடந்தது, கம்பி எங்கே வளைந்திருக்கிறது, அதை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்றெல்லாம் விலாவாரியாக எழுதுவார். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆரம்பத்தில் ஓரிரண்டு பதிவுகளைப் படித்திருக்கிறேன். அப்புறம் நாங்கள் இருவருமே அந்தப் பக்கம் போகவில்லை. அதுதான் எப்போதும் ஒருவர் படிக்கிறார் என்று அண்ணியே சொல்கிறாரே என்ற நிம்மதி.

தோளிலிருந்த பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்தார்.

"பக்கத்தை மூடிடுடா. எப்படி மூடறதுன்னு எனக்குத் தெரியலை."

"ஏன்க்கா?"

"இருந்தவர் போயிட்டார். நான் என்ன தப்பா எழுதினேன்னு தெரியலை. அந்தக் கோடு போட்ட குடையைப் பத்தி ரொம்ப இழுத்துட்டேனோ என்னவோ."

இவரோ கணினியைத் திருப்பி வைத்து, நிரலில் அந்த இடத்தைக் காட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்க ஆரம்பித்துவிட்டார். "இதோ பாருக்கா. யாரும் போகலை, யாரும் இருந்ததும் இல்லை. நீ பாக்கிறப்போ உன்னையே எண்ணியிருக்கு. அது நீதான்." நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு மேலே விளக்கினார்.

நாத்தனார் அழவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதே கணினியில் தன் பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"தினமும் படிச்சது நான்தானா?"

"ஆமா."

"உட்கார்ந்து முழுசாப் படிப்பேன்டா. சில நாள் சிரிப்பு வரும். சில நாள், இந்த வரி வேண்டாமேன்னு தோணும்." திரையின் மூலையைத் தொட்டுக் காட்டினார். "இப்பவும் நான் பாத்துட்டுதானே இருக்கேன். இது ஏன் யாரும் இல்லைன்னு சொல்லுது?"

"உன்னைக் கழிச்சிட்டேன்க்கா. எழுதறவங்களை எண்ணக் கூடாது."

"ஏன்?"

இவர் நிரலை மறுபடியும் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"பஸ்ல டிரைவரை ஆள் கணக்குல சேர்க்க மாட்டாங்க, சரி" என்றார் நாத்தனார். "அதுக்காக வண்டியில யாருமே இல்லைன்னு எழுதிப் போடுவாங்களாடா?"

இவர் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். கழித்த ஒன்றைத் திரும்பக் கூட்டுவதற்கு இவ்வளவு நேரமா என்று நினைத்தேன். குறிப்பு எழுதத்தான் நேரம் பிடித்திருக்கிறது. கடைசியில், 'எழுதுபவரும் ஓர் ஆள்தான்' என்று போட்டு அப்டேட்டை விட்டார். அந்தக் குறிப்பை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பல் வைத்தியர் மட்டும், 'வந்துவிட்டார். எங்கே போயிருந்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை' என்று கண்ணியமாக எழுதியிருந்தார்.

நாத்தனார் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு வீட்டுக்குப் போனார். பக்கத்தை மூடும் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் எழுதுவேன் என்றும் சொல்லவில்லை. அவர் நடந்து போவதைப் பார்க்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆளில்லாத வரியை நம்பி, வீட்டு மனுஷியைக் கைகழுவிவிட்டிருக்கிறோம்.

இரண்டு மூன்று நாள் கழித்து மேசையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. நாத்தனார்தான்.

"உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லும்மா. மறுபடியும் என்னமோ குளறுபடி பண்ணி வெச்சிருக்கான். என் பக்கத்துல ரெண்டு பேர்னு காட்டுது."

என் எதிரே கைப்பிடி உடைந்த ஒரு பச்சைக் குடை திறந்திருந்தது. பாதிதான் படித்திருந்தேன்.

"குளறுபடி இல்லை அண்ணி, சரியாத்தான் இருக்கு" என்றேன். "இந்தப் பச்சைக் குடையைத் தேடி யாராவது வந்தாங்களா இல்லையா?"

அண்ணி குரலைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார்.

"அதைத்தான் கீழே எழுதியிருக்கேன். கடைசி வரைக்கும் படி."