சமையலறைச் சுவரில் பதினொரு ஊர்கள்

யோகலிங்கத்துக்குப் பெருமை பேச நாலைந்து விஷயங்கள் உண்டு. லண்டன் கிங்ஸ்பரியில் இருக்கும் வீட்டின் மேல் அறையைப் பன்னிரண்டு வருஷமாக வாடகைக்கு விட்டும் ஒருத்தரையும் எழும்பிப் போகச் சொன்னதில்லை என்பது அதில் முதலாவது. "இருக்க இடமில்லாமல் அலைஞ்சவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்" என்று கோயிலில், கலியாண வீட்டில், எங்கே ஆள் அகப்பட்டாலும் பிடித்து வைத்துச் சொல்லுவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் அவர் வருவதைக் கண்டாலே சாப்பாட்டுப் பக்கம் நழுவிவிடுவார்கள். அந்தப் பெருமை 2006 தை மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானத்தோடு போயிற்று.

மேல் அறையில் அப்போது இருந்தவன் ததேக். போலந்துக்காரன், முப்பத்தைந்து வயது, டைல்ஸ் ஒட்டுகிற வேலை. லண்டனுக்கு வந்த புதிதில் பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்தவன். கண்டு கூட்டிக்கொண்டு வந்து அறையைக் கொடுத்தது யோகலிங்கம்தான். அந்த நன்றிக்கு அவன் சனி ஞாயிறுகளில் இவருடைய சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய இங்கிலீசும் அரைகுறை, இவருடையதும் அரைகுறை. ஆனபடியால் இரண்டு பேருக்கும் ஒருவர் கதை மற்றவருக்கு நன்றாகவே விளங்கியது.

அன்றும் யோகலிங்கம் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் பழைய கதையைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்து மயிலிட்டி வீட்டுக் கதை. தொண்ணூறில் விட்டுவிட்டு ஓடியது, ஆமிக்காரன் அந்த ஊரையே கம்பி வேலிக்குள் அடைத்தது, சண்டை நிறுத்தம் வந்த 2002இல் இவர் பிளேன் ஏறிப் போய்த் தடைக்கம்பத்துக்கு முன்னால் நின்றது. "உள்ளே இருக்க வரவில்லை, கிணற்றை மட்டும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினேன். துவக்கை நீட்டித் துரத்தினான்" என்றார். சொல்லும்போது வழக்கம்போலக் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை, பாவம், உண்மையாகவே உடைந்தது.

ததேக் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தான். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இன்னும் டைல்ஸ் ஒட்டாத சுவரில் கீறத் தொடங்கினான்.

"இது எங்கள் பகுதி" என்றான். போலந்தின் தென்கிழக்கு மூலை. ஒரு ஆறு, இரண்டு பக்கமும் மலை, ஆற்றங்கரை நெடுகப் பதினொரு ஊர். பெரிய ஊரில் தேவாலயம், அதற்குப் பக்கத்தில் தீயணைப்பு மண்டபம். சம்பளம் இல்லாத வேலை அது. சங்கு ஊதினால் வயலில் நிற்கிறவன் அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவான். கலியாணம் என்றால் தீயணைப்பு வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டு அதே மண்டபத்தில் ஆடுவார்கள். பனி கொட்டிப் பாதை மூடினால் ஒரேயொரு டிராக்டர்தான் வழி வெட்டும். இப்போது ஆடுவதற்கும் ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள், பிள்ளைகளெல்லாம் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும்.

பிறகு மூன்று ஊர்களை அவன் பென்சிலால் வெட்டினான்.

"இந்த மூன்றிலும் ஆள் இல்லை. ஆப்பிள் மரங்கள் மட்டும் நிற்கின்றன. நாற்பத்தேழில் எங்கள் நாட்டு ஆமி வந்தது. அங்கே இருந்தவர்கள் வேறு பாஷை, வேறு கோயில். இரண்டு மணித்தியாலம் கொடுத்து, ரயிலில் ஏற்றி நாட்டின் மற்றக் கரைக்கு அனுப்பினார்கள். நாலாவது ஊரிலும் அப்படித்தான். அங்கே மட்டும் வீடுகள் எரியாமல் தப்பின. அதிலே ஒன்றைத்தான் எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தார்கள். அவருடைய சொந்த ஊரும் எரிந்துதான் போயிருந்தது."

யோகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டார்.

ததேக் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் தன் நெஞ்சைத் திறந்து காட்டிய பிறகு தான் மூடிவைப்பது சரியில்லை என்று அந்த மடையனுக்குத் தோன்றிவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் அறுபது தாண்டிய ஒரு மனிதர் பஸ்ஸால் இறங்கி அந்த வீட்டுக்கு வந்தாராம். தான் பிறந்த வீடு என்றாராம். ஒரு கோப்பை கிணற்றுத் தண்ணீர் கேட்டாராம். வீட்டைக் கேட்க வந்திருக்கிறார் என்று அப்பா பயந்து கேற்றைத் திறக்கவில்லையாம்.

"நாயை அவிழ்த்துவிட்டது நான்" என்றான். "யோகா, இதை நான் யாருக்கும் சொன்னதில்லை."

யோகலிங்கத்துக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். ஆனால் அன்று வந்தது அந்தக் கோபமில்லை. "நீதான் அந்த ஆமிக்காரன்" என்றார். "பின்னேரம் ஐந்து மணிக்குள் என் வீட்டில் நீ இருக்கக் கூடாது."

வெளியே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெரிந்த ஆள் என்று ததேக்குக்கு லண்டனில் ஒரு குருவிகூடக் கிடையாது. போனால் மறுபடியும் அந்த வாங்குதான். இது யோகலிங்கத்துக்கும் தெரியும். ததேக் கரண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு மேலே போனான்.

நாலரைக்கு அவர் மனைவி தவநாயகி முதியோர் இல்லத்து ஷிப்ட் முடிந்து வந்தாள். வாசலில் ஒரு பை, அதற்குப் பக்கத்தில் கோட்டோடு ததேக்.

"என்னப்பா இது?"

யோகலிங்கம் மூச்சு விடாமல் முழுவதையும் சொன்னார். "பிறந்த வீட்டைப் பாக்க வந்த மனுசனுக்கு நாயை விட்டவன், தவம். இவனை வைச்சுக்கொண்டு எனக்குச் சாப்பாடு இறங்குமோ?"

தவநாயகி சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ததேக்கின் பையையே பார்த்தாள்.

"சோனகத்தெரு வீடு ஞாபகம் இருக்கோ?" என்றாள்.

"அதை ஏன் இப்ப இழுக்கிறாய்?"

"தொண்ணூறிலை மயிலிட்டியாலை ஓடிவந்து பள்ளிக்கூடத்திலை கிடந்த எங்களுக்கு ஐப்பசி முடிய யாழ்ப்பாண ரவுணிலை ஒரு வீடு கிடைச்சுது. எப்பிடிக் கிடைச்சுது? இயக்கம் ரெண்டு மணித்தியாலம் குடுத்து முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டு அனுப்பினபடியாலை கிடைச்சுது. அடுப்பிலை அவையின்ரை சட்டி இருந்தது. அதைக் கழுவிப்போட்டு நான் சோறு வைச்சனான்."

"நாங்களோ அனுப்பினது? எங்களுக்கு வேறை இடம் இருந்ததோ?"

"இல்லைத்தான். இவன்ரை தாத்தாவுக்கும் இருக்கேல்லை." அவள் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டாயிரத்திரண்டிலை போனம். உங்கடை தங்கச்சி அந்த வீட்டிலைதான் இருந்தவ. மயிலிட்டியிலை உங்களைத் துரத்தி மூண்டாம் நாள், புத்தளத்திலையிருந்து ஒரு மனுசன் மகளோடை வந்து கேற்றிலை நிண்டது. உள்ளுக்கை இருக்க வரேல்லை, அறைக்கதவு நிலையை மட்டும் மகளுக்குக் காட்டிப்போட்டுப் போறன் எண்டது. பிள்ளையளின்ரை உயரத்தைப் பென்சிலாலை கீறி வைச்ச நிலை. மூத்த பெடியன் முகாமிலை காய்ச்சலிலை செத்துப் போயிட்டான், அண்ணன்ரை உயரக் கோட்டை இவள் பாக்கட்டும் எண்டது."

"தவம், போதும்."

"நீங்கள் கேற்றுக்கு இஞ்சாலை நிண்டு என்ன சொன்னனியள்? வீட்டுக்காரர் இல்லை, பிறகு வாங்கோ எண்டு. வீட்டுக்காரரிட்டையே சொன்னனியள். அண்டைக்குப் பின்னேரமே பெயின்ற் வாங்கிக்கொண்டு வந்து அந்த நிலைக்கு அடிச்சனியள். எங்களிட்டை நாய் இருக்கேல்லை, அவ்வளவுதான்."

ததேக்குக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. தன்னால் இவர்களுக்குள் சண்டை வந்துவிட்டதே என்ற துக்கத்தோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரு சொல் போதும், இரு என்று. யோகலிங்கத்தின் தொண்டைவரை அது வந்தது. ஆனால் அதைச் சொன்னால் ஏன் என்று அவன் கேட்பான். கேட்டால் இவரும் தன் கதையைச் சொல்லவேண்டி வரும். அவன் சொன்னதுபோல, நான்தான் என்று. அது அவரால் ஏலவில்லை.

ஐந்து மணிக்கு ததேக் அறைக் கதவுத் திறப்பை மேசையில் வைத்தான். தவநாயகியின் கையைப் பிடித்து விடைபெற்றுக்கொண்டு பனிக்குள் இறங்கினான்.

அரை மணித்தியாலம் கழித்து யோகலிங்கம் குடையும் எடுக்காமல் ஓடினார். கிங்ஸ்பரி ஸ்ரேஷன் வரை போனார். பிறகு ரயில் பிடித்து அந்த பஸ் நிலையத்துக்கும் போனார். வாங்குகளில் யார் யாரோ இருந்தார்கள், அவன் இல்லை. போனையும் நிறுத்தி வைத்திருந்தான்.

திங்கட்கிழமை மோர்டனிலிருந்து பெனடிக்ற் என்ற டைல்ஸ் வேலைக்காரன் வந்தான், மிச்ச வேலையை முடிக்க. சுவரைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"அண்ணை, இதிலை ஆரோ பென்சிலாலை என்னவோ கீறிக் கிடக்கு. ஆறு மாதிரி, ஊர் மாதிரி. மூடட்டோ?"

வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்ற தவநாயகி திரும்பிப் பார்த்தாள். யோகலிங்கம் சுவருக்குக் கிட்டப் போய் நின்றார். வெட்டிய மூன்று ஊர்களும் இருந்தன. நாலாவதில் சின்னதாக ஒரு வீடும், அதன் பக்கத்தில் வட்டமாக ஒரு கிணறும் இருந்தன. அதை அன்று அவர் கவனிக்கவில்லை.

"ஓம்" என்றார். "மூடு."