ஐம்பத்து நான்கு கிலோ

ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் ரஜிதா முதன்முதலாகக் கூரையில் தலையை இடித்துக்கொண்டது, அவள் புருஷன் தயாளன் தன் ஜப்பான் காரிலிருந்து ஏர்கானைக் கழற்றிய மறுநாள் காலை. பாயான் லெப்பாஸ் ஆலையில் டெக்னீசியனாக இருந்த தயாளன், பந்தயத்துக்கென்றே பிறந்த அந்த நாலு கதவு வண்டியை ஜப்பானிலிருந்து பழையதாக இறக்கியிருந்தான். கனத்தைக் குறைத்தால் கார் பறக்கும் என்பது அவன் வேதம். ஸ்பேர் டயரும் ஜாக்கியும் பதினைந்து கிலோ, பின் சீட்டு பதினெட்டு, தரையில் ஒட்டியிருந்த சத்தம் தடுக்கும் விரிப்புகள் ஒன்பது, ஏர்கான் பன்னிரண்டு. கழற்றிய ஒவ்வொன்றையும் குளியலறைத் தராசில் நிறுத்து, காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். அதே தராசில் ரஜிதாவும் அதே அளவு குறைந்துகொண்டே வந்தாள். உடம்பு இளைக்கவில்லை, வளையல்கூடக் கழலவில்லை, கனம் மட்டும் போனது. அவள் மொத்தமே ஐம்பது கிலோ; அவன் கழற்றியது ஐம்பத்து நான்கு.

பின் சீட்டைக் கழற்றிய வாரமே அவள் அந்தக் காகிதத்தைக் காட்டி, தன் கனமும் கூடவே போவதைச் சொன்னாள். “எல்லாம் மனசுதான், சும்மா இருலா” என்றான். பிறகு அவளைத் தராசில் ஏற்றிப் பார்த்தான், அடுத்த சனிக்கிழமை விரிப்புகளை உரித்தான். பூனைக்கு விளையாட்டு, எலிக்கு உயிர் போகிறது என்பார்கள். தயாளனுக்கு அது விளையாட்டுக்கூட இல்லை, பக்தி. ரஜிதா தோள்பையில் ஐந்து கிலோ அரிசிப் பையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, “என்னா டயட்டுமா இது, எனக்கும் சொல்லுலா” என்று லிஃப்டில் கேட்டார். தைப்பூசத்தன்று அரிசியை வீட்டில் வைத்துவிட்டுப் பால்குடம் எடுத்தாள். தண்ணீர்மலைக் கோயில் வரை நிறைகுடத்தின் கனத்தில் எல்லோரையும்போல நடந்தாள். பாலை அபிஷேகத்துக்குக் கொடுத்ததும் மேலே போய்விட்டாள். அவளை இழுத்து இறக்கும்வரை கோயில்காரர்கள் மின்விசிறிகளை நிறுத்தி வைத்தார்கள்.

அவளுக்கு ஒரே நம்பிக்கைதான் இருந்தது. இப்படி மாற்றிய காரை விற்று, வாங்குகிறவன் பேருக்கு மாற்றுவதென்றால் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே எல்லாம் முதலில் வந்தபடி இருக்க வேண்டும். அதனால் காரை விற்கச் சொல்லி எட்டு மாதம் கூரையிலிருந்தே நச்சரித்தாள். கடைசியில் தயாளன் இணையத்தில் விளம்பரம் போட்டான். சுங்கை பாக்காப்பிலிருந்து சுகுமாரன் வந்து பார்த்தான், ஓட்டினான், சிரித்தபடியே இறங்கினான்.

“என்னங்க, எல்லாத்தையும் திரும்பப் போட்டுருவீங்கதானே?” என்று அன்றிரவு கேட்டாள்.

“போடாம எப்படி? போட்டாத்தான் சோதனையில பாஸ் பண்ணுவான்” என்றான் தயாளன். அது பொய்யில்லை.

சோதனை நாளன்று காலை பத்து மணிக்கு ஜுருவில் பட்டறைக்காரர் இப்ராஹிம் கடைசி ஆணியை முறுக்கியபோது, ரஜிதாவின் குதிகால்கள் சமையலறைத் தரையைத் தொட்டன. தரை குளிர்ச்சியாக இருந்தது. அவள் அழுதாள். அரிசியைப் பையிலிருந்து எடுத்துப் பானையில் கொட்டிவிட்டு, பஸ் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போனாள். இரண்டு வருஷமாகத் தேயாத பழைய செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு, தோல் செருப்பு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தாள்.

ஜுருவில் இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சோதனைக்கு ஓர் உடுப்பு, ரோட்டுக்கு ஓர் உடுப்பு. ரஜிதாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கார் பாஸானது. “அண்ணே, நான் பாத்த மாதிரியே வேணும், கனமா இருந்தா வேணாம்” என்றான் சுகுமாரன். தயாளன் ஸ்பானரைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றான் என்று இப்ராஹிம் பிறகு சொன்னார். ஒரு நிமிஷம்தான். இரண்டரை மணிக்கு லிட்டில் இந்தியாவின் குவீன் ஸ்திரீட்டில் ரஜிதா மேலே எழும்பினாள். வெளியில் கூரை ஏது? கடைப் பெயர்ப்பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள், ஒரு செருப்பு கீழே விழுந்தது. துணிக்கடை மஹ்பூபா ஓடிவந்து பச்சைச் சேலை ஒன்றை வீசி, அவள் இடுப்பில் கட்டிக்கொண்டதும் இழுத்து இறக்கினார். சேலை கசங்கிவிட்டதால் அதற்கு பில்லும் போட்டார்.

மறுவாரம் ரஜிதா தானே சுகுமாரனைப் போனில் கூப்பிட்டு, பின் சீட்டையாவது போடச் சொல்லிக் கெஞ்சினாள். அவன் மரியாதையான பையன். “அக்கா, நான் காரு மட்டும்தானே வாங்கினேன்” என்றான். அவள் கண்ணீர் மட்டும் எல்லோருடையதையும்போலக் கீழே விழுந்தது.

போன மாதம் சுகுமாரன் தயாளனுக்கு ஒரு படம் அனுப்பினான். கார்பன் பானட் போட்டாச்சு அண்ணே, இன்னும் ஏழு கிலோ கொறைஞ்சிருச்சு என்று எழுதியிருந்தான். தயாளன் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு, பால்கனிக்குப் போய்ச் சேலையில் இரண்டாவது முடிச்சுப் போட்டான். கூரையில் தலை அழுந்தி வலிக்கிறது என்று ரஜிதா சொன்னதால், அவளை இப்போது வெளியே கம்பியில்தான் கட்டியிருக்கிறது. மிஞ்சிய ஒற்றைச் செருப்பை அவள் கழற்றவில்லை. கீழே கார் நிறுத்துகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, பச்சைச் சேலை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்து மழை வருமா என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.