வந்த அளவுக்குத் தண்ணீர்

“இப்பயெண்டாலும் குடிடா தம்பி” என்று சொல்லிக்கொண்டே கண்ணகை குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர், குளிப்பாட்டக் கிடத்தியிருந்த கனகசிங்கத்தின் மூடிய உதடுகளில் விழுந்து, தாடை வழியே வழிந்து, வாங்குப் பலகையின் அடியில் மண்ணுக்குள் போயிற்று.

கால்மாட்டில் நின்ற அவர் மனைவி இலட்சுமிப்பிள்ளை அந்த ஈர மண்ணையே பார்த்தாள். அழுகை வரவில்லை.

“உங்கட வீட்டுக்கு மாப்பிளையா அனுப்பின பொடியன். நாக்கு வறண்டு சாக வெச்சிட்டியேகா மச்சி. நாய்க்கும் ஒரு மிடறு ஊத்துவாங்க.”

மகள் அன்னப்பூரணி நிமிர்ந்தாள். “மாமி, டாக்குத்தர் சொன்னதைத்தான் அம்மா செய்தா. அளவுக்கு மேல ஒரு சொட்டும் குடுக்கல்ல.”

ஊரான பழுகாமத்திலிருந்து தோணியில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, சிறுநீர் பிரிக்கிற குண்டிக்காய் இரண்டும் களைத்துவிட்டன, உள்ளே போகிற தண்ணீர் உடம்பிலேயே தேங்குகிறது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். சிறுநீர் எவ்வளவு வருகிறதோ அந்த அளவுக்குத்தான் தண்ணீர். “வடிச்சல் அடைச்ச வயலுக்கு வாய்க்காலைத் திறந்து என்ன செய்யிற புள்ள” என்று கனகசிங்கமே சிரித்தார். விடிந்ததும் இலட்சுமிப்பிள்ளை அவருடைய கணுக்காலில் பெருவிரலை அழுத்திப் பார்ப்பாள். வீக்கத்தில் விழுந்த குழி மெல்ல நிரம்பி வரும்வரை இருவரும் பேசமாட்டார்கள்.

இன்று காலை சிறுநீர்ச் சட்டி காய்ந்து கிடந்தது. அந்தக் கணக்கில் அவருக்குத் தண்ணீரே இல்லை. அவர் கேட்கவுமில்லை, மூலையிலிருந்த பானையைத்தான் பார்த்தார். மகள் கிணற்றடிக்குப் போகும்வரை பொறுத்திருந்த இலட்சுமிப்பிள்ளை, செம்பு நிறைய மொண்டு அவர் வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை குடித்தார். “போதும் புள்ள” என்றார். வெயில் ஏறுமுன் மூச்சு முட்டி அடங்கிவிட்டது.

சொன்னால் மச்சியின் வாய் அடங்கும். மகள் என்ன நினைப்பாள்?

“வாயத் திறக்கிறாளா பாருங்க. கல்லு” என்றாள் கண்ணகை.

“ஓம் மச்சி” என்றாள் இலட்சுமிப்பிள்ளை. “ஒண்டும் குடுக்கல்லதான்.”

குளிப்பாட்டி முடிந்ததும், கால்விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த நனைந்த கால்கட்டை மாற்ற அவள் கையில் புதுத் துணிக் கிழிசல் ஒன்றைக் கொடுத்தார்கள். குனிந்தவளின் பெருவிரல் தன்பாட்டில் அவர் கணுக்காலில் அழுந்தியது. குழி விழுந்தது.

அவள் விரலை எடுத்துவிட்டு, எப்போதும்போலக் காத்திருந்தாள்.