வியாழனைச் சுற்றிய கறை

அறைக்குள் நுழைந்ததுமே கெமிக்கல் வாடை முகத்தில் அடித்தது. பனியனில் படிந்த எண்ணெய்க் கறையை ஸ்ப்ரே கன்னால் கெமிக்கல் அடித்து எடுப்பார்களே, அந்த வாடை. கீழே பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையோடு நிற்க வேண்டியது, தன் டெலஸ்கோப்பின் குழாய்க்குள்ளிருந்து வந்தபோது கீதாஞ்சலி கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இதைத் தொட்டீங்களா?”

“தூசியா இருக்குதுன்னு நீதான சொன்னே அம்மிணி?” மகுடேஸ்வரனுக்குப் பெருமை தாங்கவில்லை. “கண்ணாடியைக் கழட்டி, கீழ கறை எடுக்குற மயிலாளக்காகிட்டக் குடுத்தேன். ரெண்டு அடி அடிச்சு, பனியன் வேஸ்ட்டுல அழுத்தித் தொடச்சுட்டாங்க. எக்ஸ்போர்ட் பீஸே தோத்துப்போகும், பாரு.”

கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். தூசியோடு சேர்த்துத் தேய்த்ததில் மேல்பூச்சு முழுக்க மயிரிழைக் கீறல்கள். சத்தம் போட்டால் அவன் முகம் வாடும். பிறகு அவளே அவனைத் தேற்ற வேண்டியிருக்கும். அதை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

வியாழன் கோளின் மேகப் பட்டைகளைத் தன் கையால் படம் எடுக்க வேண்டும் என்று மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தாள். நூலும் துணியும் ஆர்டரும் நிறைந்த அந்த வீட்டில், யாரும் தொட்டுத் திருத்தாத, யாரும் விலை கேட்காத ஒரே ஒரு பொருள் தன்னுடையதாக இருக்கட்டும் என்று.

இருந்தும் அன்று இருட்டியதும் கண்ணாடியைத் திரும்ப மாட்டிப் படம் எடுத்தாள். வீடியோவிலிருந்து தெளிவான காட்சிகளைப் பொறுக்கி, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பட்டைகள் கரைந்து போயிருந்தன. கோளைச் சுற்றிச் சாய்வாக ஒரு வெளுத்த வட்டம், கறை எடுத்த துணி காய்ந்ததும் நிற்கும் வட்டம் போல. பார்க்கப் பிடிக்கவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

மறுவாரம் மகுடேஸ்வரன் அவளைக் கீழே கூப்பிட்டான். மேஜைமேல் குழந்தைகளுக்கான கறுப்பு டீஷர்ட் ஒன்று கிடந்தது. அதன் நெஞ்சில், அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துப் போட்ட அவள் படம். மேலே ‘சனி’ என்று ஆங்கிலத்தில். அடியில் அவள் பெயர்.

“ரிங் சூப்பருங்க்கா!” என்றாள், துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்காகச் சாம்பிள் பார்க்க வந்திருந்த நித்யஸ்ரீ.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், தன் பெயர் அந்தக் கறுப்பில் அழகாக இருக்கிறது என்று கீதாஞ்சலிக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது, யாரோ மென்று துப்பியதைத் தானும் சுவைத்துவிட்டதைப் போல.

“இது சனி இல்லீங்க, வியாழன். இது ரிங்கும் இல்லீங்க. கண்ணாடி கெட்டதால வந்த கறை.”

“அப்படீங்களா?” நித்யஸ்ரீ சிரித்தாள். “சொன்னாக்கூட நம்ப மாட்டாங்க. இப்படியே போடலாங்க்கா.”

“பாத்தியா அம்மிணி? மயிலாளக்கா தொடைக்காம இருந்திருந்தா இந்த ரிங்கே வந்திருக்காது!” என்றான் மகுடேஸ்வரன். செக்கிங் மேஜையிலிருந்து மயிலாளும் கூச்சத்தோடு சிரித்தாள்.

“என் பேரை எடுத்துடுங்க.”

“உனக்காகத்தான புள்ள போட்டேன்?”

“எடுத்துடுங்க.”

டிசைன் போடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, கடைசி எழுத்து அழியும்வரை திரையைப் பார்த்தாள்.

“படமாவது இருக்கட்டுமா?” என்று தணிந்து கேட்டான் மகுடேஸ்வரன்.

“அந்த ரிங்கு நீங்க வர வெச்சது. அது நீங்க எடுத்த படந்தானுங்களே,” என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. சம்மதம் கிடைத்துவிட்டதென்று நித்யஸ்ரீயைப் பார்த்துத் தலையாட்டினான்.